உமர் கய்யாமின் உரைநூல்: ஒரு மதிப்பீடு

முஸ்லிம்கள் அறிவியலுக்கு ஆற்றிய தொண்டைப் பற்றி நம்மிடையே நிகழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றது. கிரேக்கரின் அறிவுச் செல்வத்தை அரபு மொழியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்து, ஐரோப்பா விழித்தெழுந்தபோது அதனிடம் திருப்பிக் கொடுத்தவர்கள் என்று கூறுவது ஒரு வகை. இக்கூற்று நம் முன்னோரைக் களஞ்சியக் காவலர் ஆக்குகின்றது. பிற்காலத்தார் கண்டறிந்தன யாவும் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம்மவரால் கண்டறியப்பட்டு முடிந்தன என்று முழங்குவது மற்றொரு வகை. இது அவர்களை மாயவித்தைக்காரர் ஆக்குகின்றது. காவலரும் மாயவித்தைக்காரரும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றனர்: இருவரும் நூலைப் படிக்க வேண்டியதில்லை. இவ்விரு பேச்சுகளையும் பேசுவோருக்கும் அந்தத் தேவை எழுவதில்லை.

அவர்கள் எழுதிய நூல்களுள் ஒன்றையேனும் திறந்து, அதில் சொல்லப்பட்டது யாது, சொல்லப்பட்ட முறை யாது, அது எவ்விடத்தில் நிமிர்ந்து நிற்கின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது என்று நிறுத்துப் பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும். அந்த நோக்கத்துடன் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் நூல், உமர் கய்யாம் கி.பி. 1077ஆம் ஆண்டு எழுதி முடித்த ஓர் அரபு நூல். ‘உக்லீதிஸின் நூலிலுள்ள எடுகோள்களில் ஐயத்திற்கு இடமானவற்றின் விளக்கம்’ என்பது அதன் பெயரின் பொருள். உக்லீதிஸ் என்று அரபியர் அழைத்தது, நாம் யூக்ளிட் என்று அறிந்துள்ள கிரேக்கக் கணித மேதையைத்தான்.

நாம் அறிந்த கய்யாமும் அறியாத கய்யாமும்

தமிழ் மக்களுக்கு உமர் கய்யாம் ஒரு கவிஞர். ஆங்கிலேயரான ஃபிட்ஸ்ஜெரால்டு 1859இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வழியே அவர் பெயர் உலகெங்கும் பரவியது. அதைத் தழுவிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தமிழில் பாடிய பின்னர், அவர் தமிழ் வீடுகளிலும் குடிபுகுந்தார். மதுக் கிண்ணமும், ரொட்டித் துண்டும், மர நிழலும், நிலையாமை பேசும் நெஞ்சமும் கொண்ட ஒரு மனிதராகவே நாம் அவரைக் கற்பனை செய்து வைத்திருக்கின்றோம்.

ஆயினும், அவர் பெயரால் வழங்கும் நாலடிப் பாக்களுள் எத்தனை உண்மையில் அவருடையவை என்பது அறிஞரிடையே நீண்ட காலமாக வழக்கிலிருக்கும் வினா. அவரை நேரில் கண்டு பழகியவர் ஸமர்கந்து நகரத்து நிஜாமீ அரூளீ. அவர் தம் ‘நான்கு உரைகள்’ என்னும் நூலில் கவிஞருக்கென்று ஒரு பகுதியையும் வானநூலாருக்கென்று ஒரு பகுதியையும் ஒதுக்கினார். கய்யாமை அவர் வைத்த இடம் வானநூலார் வரிசை. உடன் வாழ்ந்தவர் கண்ட கய்யாம் வேறு. நாம் காணும் கய்யாம் வேறு.

உடன் வாழ்ந்தோர் அறிந்த கய்யாம், 1048இல் நைஸாபூரில் பிறந்து 1131இல் அதே ஊரில் மறைந்தவர். ஸல்ஜூக் சுல்தான் மலிக்ஷாவின் அழைப்பை ஏற்று இஸ்ஃபஹான் நகரில் வானாய்வுப் பணியை ஏற்றவர். 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலீ நாட்காட்டியை வகுத்த குழுவில் முதன்மையானவர். முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, கூம்பின் வெட்டுக்கோடுகளைக் கொண்டு அவற்றிற்குத் தீர்வு கண்டவர். அவருடையது என்பதில் ஐயமே இல்லாத நூல் நம்மிடம் அறிமுகமின்றிக் கிடக்க, அவருடையவைதாமா என்று ஐயுறத்தக்க பாக்கள் நம் நாவில் நடமாடுகின்றன. இம்முரண்பாட்டைப் போக்கிக்கொள்ளவேனும் அந்நூலை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஐயம் பிறந்த இடம்

யூக்ளிட் எழுதிய ‘மூலங்கள்’ என்னும் நூல் பதின்மூன்று பகுதிகளைக் கொண்டது. பக்தாதில் அல்ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மதர் அதனை இரு முறை அரபு மொழிக்குக் கொண்டுவந்தார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் ஒரு முறையும், அவர் மகன் மஃமூனின் காலத்தில் மறுமுறையும் அப்பணி நிகழ்ந்தது. பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் புதிதாக மொழிபெயர்த்தார். அதனைத் தாபித் இப்னு குர்ரா திருத்திச் செப்பம் செய்தார். இவர்களுள் இஸ்ஹாக் கிறிஸ்தவர். தாபித், ஹர்ரான் நகரத்து ஸாபியீ சமயத்தவர். முஸ்லிம் ஆட்சியின் நிழலில் பல சமயத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆற்றிய பணி இது என்பதை மறைப்பது நேர்மையன்று. மறைக்க வேண்டிய தேவையும் நமக்கில்லை.

ஒரு நூலை மூன்று முறை மொழிபெயர்த்ததே, அவர்கள் வெறுமனே சேமித்து வைக்கும் நோக்கம் உடையவரல்லர் என்பதற்குச் சான்று. சேமிப்பவனுக்கு ஒரு பிரதி போதும். புரிந்துகொள்ள முனைபவனுக்கே இரண்டாம் மொழிபெயர்ப்பு தேவைப்படுகின்றது.

புரிந்துகொள்ள முனைந்தவர்களுக்கு ஓரிடத்தில் கால் இடறியது. யூக்ளிட் தம் நூலின் தொடக்கத்தில் சில செய்திகளை நிறுவாமலே ஒப்புக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்கின்றார். அவை எடுகோள்கள். இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம், செங்கோணங்கள் யாவும் ஒன்றுக்கொன்று சமம் என்பன போன்றவற்றில் எவருக்கும் தடையில்லை. ஐந்தாவது எடுகோள் மட்டும் வேறு இனமாகத் தோன்றுகின்றது. இரு நேர்கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று வெட்டுகின்றது. ஒரு பக்கத்தில் அமைந்த உட்கோணங்கள் இரண்டின் கூட்டு இரு செங்கோணங்களுக்குக் குறைவாக இருக்கின்றது. அவ்வாறாயின் அவ்விரு கோடுகளையும் நீட்டிக்கொண்டே சென்றால் அவை அந்தப் பக்கத்தில் எங்கேனும் ஓரிடத்தில் சந்தித்தே தீரும். இதுவே அந்த எடுகோள்.

‘எங்கேனும் ஓரிடத்தில்’ என்பதே இடர்ப்பாடு. அந்த இடம் தாளின் விளிம்பில் இருக்கலாம். பூமியின் விளிம்புக்கு அப்பாலும் இருக்கலாம். கண்ணால் காண இயலாத தொலைவில் நிகழ்வதை நிறுவாமல் ஒப்புக்கொள் என்பது எவ்வாறு பொருந்தும்? யூக்ளிடுக்கே இதில் தயக்கம் இருந்தது போலும். முதற்பகுதியின் இருபத்தெட்டுத் தேற்றங்கள் வரை இதனைத் தொடாமலே சென்று, இருபத்தொன்பதாவதில்தான் முதன்முறையாகப் பயன்படுத்துகின்றார். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டு 180 பாகை என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பாடமும் இந்த ஓர் எடுகோளின் மீதே நிற்கின்றது.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்ஜவ்ஹரீ இதனை நிறுவ முயன்றார். தாபித் இப்னு குர்ரா இதற்கென்றே இரண்டு சிறு நூல்கள் எழுதினார். அந்நைரீஸீ தம் உரையில் பண்டைக் கிரேக்க உரையாசிரியரின் முயற்சிகளையும் தொகுத்துத் தந்தார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், யூக்ளிடின் எடுகோள்களுக்கு ஒரு விளக்க நூலும், அவர் நூலிலுள்ள ஐயங்களைத் தீர்க்க மற்றொரு நூலும் இயற்றினார். ‘ஷுகூக்’, அதாவது ஐயங்கள், என்னும் சொல் அன்று நூலின் தலைப்பிலேயே இடம்பெறும் பெருமை பெற்றிருந்தது. ஐயுறுவதை அவர்கள் குற்றமாகக் கருதாமல் ஒரு துறையாகவே வளர்த்தனர்.

முன்னோரை மறுக்கும் முறை

கய்யாமின் நூல் மூன்று பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி இணைகோடுகளைப் பற்றியது. அதில் அவர் முதலில் எதிர்கொள்வது யூக்ளிடை அன்று. தமக்கு ஒரு தலைமுறை முந்திய இப்னுல் ஹைதமை. இப்னுல் ஹைதமின் வழி எளிமையும் அழகும் உடையது. ஒரு நேர்கோட்டின் மீது செங்குத்தாக ஒரு கோட்டை நிறுத்தி, அது சாயாதவாறு அடிக்கோட்டின் மீது நகர்த்திச் சென்றால், அதன் மேல்நுனி வரைந்து செல்லும் பாதையும் ஒரு நேர்கோடாகவே இருக்கும் என்று அவர் கொண்டார். இதிலிருந்து இணைகோட்டின் இயல்புகள் யாவும் பெறப்படுகின்றன.

கய்யாம் இதனை ஏற்கவில்லை. வடிவ கணிதத்திற்கும் இயக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று வினவுகின்றார். கோடு என்பது ஒரு தளத்தில் உள்ளது. தளம் ஒரு பொருளில் உள்ளது. அவற்றை விட்டு அதற்குத் தனி இருப்பு இல்லை. அவ்வாறிருக்க அது தன் இடத்தைத் துறந்து நகர்வது எங்ஙனம்? யூக்ளிடே கோளத்தை வரையறுக்கும்போது ஓர் அரைவட்டத்தைச் சுழற்றுகின்றாரே என்று எவரேனும் எடுத்துக்காட்டினால், அதற்கும் விடை வைத்திருக்கின்றார்: அங்கே யூக்ளிட் நெகிழ்ந்துவிட்டார், நூலின் பிற்பகுதியை எட்டிய மாணவன் தேர்ச்சி பெற்றிருப்பான் என்னும் நம்பிக்கையில் அவ்வாறு செய்தார்.

இவ்விடம் கூர்ந்து நோக்கத்தக்கது. இப்னுல் ஹைதமைப் பெயர் சொல்லியே மறுக்கின்றார். ஆயின் அவர் முயற்சியை இழிவு செய்யவில்லை. எந்தப் படியில் அது வழுக்குகின்றது என்பதையே காட்டுகின்றார். அவ்வாறே யூக்ளிடையும் தெய்வமாக்கவில்லை, தூக்கியெறியவும் இல்லை. தொல்காப்பியத்திற்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முந்திய இளம்பூரணரின் கருத்தை எடுத்துக்காட்டி மறுத்துத் தம் கருத்தை நிறுவும் முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இப்போக்கு புதிதன்று. நல்ல உரை என்பது மூலத்தின் நிழலன்று. மூலத்தோடு எதிர்நின்று பேசும் ஒரு குரல்.

மூன்று வழிகள், ஒரு முடிவு

மறுத்தவர் தம் வழியைக் காட்ட வேண்டுமல்லவா? கய்யாம் எட்டுத் தேற்றங்களை வகுக்கின்றார். யூக்ளிடின் இருபத்தெட்டாம் தேற்றத்தை அடுத்து வைக்கத்தக்கவையாக அவற்றை அமைக்கின்றார். அவற்றின் உயிர்நிலை ஒரு நாற்கரம். வாசகர் ஒரு தாளை எடுத்து வரைந்து பார்க்கலாம். கிடையாக ஓர் அடிக்கோடு. அதன் இரு முனைகளிலும் சம உயரமுள்ள இரு செங்குத்துக் கோடுகள். அவற்றின் மேல்நுனிகளை இணைக்கும் ஒரு கோடு. கீழேயுள்ள கோணங்கள் இரண்டும் செங்கோணங்கள். அவை நாம் வைத்தவை. மேலேயுள்ள கோணங்கள் இரண்டும் யாவை?

செங்கோணங்கள்தாம் என்று நம் கண் உடனே விடை கூறும். கண்ணின் சாட்சியைக் கய்யாம் ஏற்பதில்லை. மேற்கோணங்கள் இரண்டும் தம்முள் சமம் என்பதை மட்டுமே அவர் முதலில் நிறுவுகின்றார். பின்னர், அவை இரண்டும் குறுங்கோணங்களாக இருக்கலாம், விரிகோணங்களாக இருக்கலாம், செங்கோணங்களாக இருக்கலாம் என்று மூன்று வழிகளைத் திறந்து வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது தூரம் நடந்து பார்க்கின்றார். விரிகோணங்களாயின் மேற்கோடு அடிக்கோட்டினும் குறுகும். இரு செங்குத்துகளும் ஒன்றையொன்று நெருங்கும். குறுங்கோணங்களாயின் மேற்கோடு அடிக்கோட்டினும் நீளும். செங்குத்துகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும். அடிக்கோட்டிற்கு மேலே நிகழ்வதே கீழேயும் நிகழ வேண்டுமாதலின், ஒரே கோட்டிற்குச் செங்குத்தான இரு கோடுகள் இரு திசைகளிலும் நெருங்குவனவாகவோ, இரு திசைகளிலும் விலகுவனவாகவோ முடியும். இது இயலாதது என்கின்றார். ஆகவே எஞ்சியது செங்கோணமே. அதிலிருந்து ஐந்தாம் எடுகோள் தேற்றமாகவே பிறக்கின்றது.

இந்த ‘இயலாதது’ என்னும் சொல்லைத்தான் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏன் இயலாது? நெருங்கிச் செல்லும் இரு நேர்கோடுகள் சந்தித்தே தீரும். நெருங்கும் திசையிலேயே அவை பின்னர் விலகத் தொடங்குவதில்லை என்னும் ஒரு கொள்கையைக் கய்யாம் முன்னதாகவே வகுத்து வைத்திருக்கின்றார். அதனைத் ‘தத்துவ ஞானி’யிடமிருந்து, அதாவது அரிஸ்டாட்டிலிடமிருந்து, பெற்றதாகக் கூறுகின்றார். அக்கொள்கையை ஒப்புக்கொண்டால் நிறுவல் நிற்கும், ஒப்புக்கொள்ளாவிடில் விழும். நுணுகி நோக்குவோர்க்கு, இக்கொள்கையும் யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளும் ஏறத்தாழ ஒரே சுமையைத் தாங்குவன என்பது புலப்படும்.

அப்படியானால் கய்யாம் தோற்றாரா? எடுகோளை எடுகோளின்றி நிறுவ வேண்டும் என்பதே நோக்கமாயின், தோற்றார். ஆயினும் அத்தோல்வியில் ஒரு பெருமை உண்டு. இம்முயற்சியில் இறங்கிய பலர், நிறுவ வேண்டியதையே தம்மையறியாமல் வாதத்தின் நடுவில் ஒளித்து வைத்து, பின்னர் அதையே முடிவாக எடுத்துக்காட்டினர். கய்யாம் அவ்வாறு செய்யவில்லை. தாம் எதன் மீது நிற்கின்றார் என்பதை முதலிலேயே வெளிப்படையாகச் சொன்னார். யூக்ளிடின் எடுகோளினும் எளியது, அறிவுக்கு அணிமையது என்று தாம் கருதிய வேறோர் எடுகோளை அதன் இடத்தில் வைத்தார். கணக்கைத் திறந்து காட்டிய வணிகரின் நேர்மை இது.

குறையென்று சொல்ல வேண்டுமாயின் வேறொன்றைச் சொல்லலாம். யூக்ளிடையும் இப்னுல் ஹைதமையும் விசாரணைக்கு உட்படுத்திய அதே மனிதர், அரிஸ்டாட்டிலின் பெயர் வந்தவுடன் வினாவை நிறுத்திக்கொள்கின்றார். கொள்கையின் வலிமை அதனைச் சொன்னவரின் பெயரில் இல்லை என்பதைப் பிறர்க்குக் காட்டியவர், தமக்கு வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பெயரின் நிழலில் ஒதுங்குகின்றார். நூலின் மிகத் தளர்ந்த இடம் இதுவே.

எண்ணின் எல்லை விரிந்த கதை

இரண்டாம், மூன்றாம் பகுதிகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும், அவை முதற்பகுதியினும் தாழ்ந்தவையல்ல.

இரண்டாம் பகுதி விகிதத்தைப் பற்றியது. இரு விகிதங்கள் சமம் என்பதற்கு யூக்ளிட் தம் ஐந்தாம் பகுதியில் தந்த வரையறை, அளவுகளைப் பற்பல மடங்காக்கி ஒப்பிட்டுக் காண்பது. அது பிழையென்று கய்யாம் கூறவில்லை; அது விகிதத்தின் அடையாளத்தைக் காட்டுகின்றதேயன்றி அதன் உண்மை இயல்பைக் காட்டவில்லை என்கின்றார். அவர் தரும் வரையறை அளப்பவனின் கையிலிருந்து பிறந்தது போன்றது. ஏழு முழக் கோலை மூன்று முழக் கோலால் அளந்தால் இரு முறை போக ஒரு முழம் எஞ்சும். அந்த ஒரு முழத்தால் மூன்றை அளந்தால் மூன்று முறையில் முடியும். இரண்டு, மூன்று என்பன கிடைத்த எண்கள். பதினான்கு முழத்தை ஆறு முழத்தால் அளந்தாலும் இரு முறை போக இரண்டு எஞ்சும். அந்த இரண்டால் ஆறை அளந்தால் மூன்று முறை. மீண்டும் இரண்டு, மூன்று. எனவே ஏழுக்கும் மூன்றுக்கும் உள்ள விகிதமும் பதினான்குக்கும் ஆறுக்கும் உள்ள விகிதமும் ஒன்றே. சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் இவ்வாறு அளக்கத் தொடங்கினால் அளவை முடிவதே இல்லை. எப்போதும் ஏதோ ஒரு மிச்சம் நிற்கும். அத்தகைய விகிதங்களையும் இவ்வரையறை தழுவிக்கொள்கின்றது. இவ்வழியைக் கய்யாமே முதலில் கண்டார் என்று கூறுவதற்கில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்மாஹானீ இதனை முன்னரே எடுத்தாண்டிருக்கின்றார். இதனையும் யூக்ளிடின் வரையறையையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டும் ஒரே முடிவைத் தருவன என்று நிறுவ முற்பட்டதே கய்யாமின் பங்கு.

மூன்றாம் பகுதி விகிதங்களைப் பெருக்கி இணைப்பது பற்றியது. இங்கே ஒரு பெரிய வினா எழுகின்றது: விகிதம் என்பது எண்ணா? கிரேக்கருக்கு எண் என்பது எண்ணக்கூடிய முழு எண் மட்டுமே. சதுரத்தின் மூலைவிட்டத்திற்கும் பக்கத்திற்கும் உள்ள விகிதம் அவர்களுக்கு எண் ஆகாது. அளவுகளிடையே உள்ள ஒரு தொடர்பு மட்டுமே. கய்யாம் ஓர் அலகை வைத்து, ஒவ்வொரு விகிதத்திற்கும் அந்த அலகோடு அதே விகிதத்தில் நிற்கும் ஓர் அளவைக் கற்பித்து, அதனைக் கோடென்றோ பரப்பென்றோ கருதாமல் அறிவில் மட்டும் நிற்கும் எண்ணைப் போலக் கையாளலாம் என்கின்றார். அது தன் இயல்பிலேயே எண்தானா என்னும் வினாவை அவர் தத்துவத்திற்கு விட்டுவிடுகின்றார். கணித வேலைக்கு அதனை எண்ணாகவே எடுத்துக்கொள்கின்றார். இன்று நம் மாணவர் இரண்டின் வர்க்கமூலத்தைத் தயங்காமல் ஓர் எண்ணென்று எழுதுகின்றனர். அந்தத் தயக்கமின்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இப்பகுதி ஒரு படிக்கல்.

கய்யாமையும் மறுத்தவர்கள்

ஒரு நூலின் தகுதியை அறிய அதற்குப் பின் வந்தோர் அதனை நடத்திய விதமும் ஓர் அளவுகோல். நஸீருத்தீன் தூஸி, 1201 முதல் 1274 வரை வாழ்ந்தவர். மராகாவில் 1259இல் தொடங்கப்பெற்ற வானாய்வு நிலையத்தின் தலைவர். அவர் யூக்ளிடின் நூலை 1248இல் புதிதாகச் செப்பம் செய்தார். இணைகோடுகளின் ஐயத்தைத் தீர்க்கவென்றே வேறொரு நூலும் இயற்றினார். அதில் அல்ஜவ்ஹரீ, இப்னுல் ஹைதம், கய்யாம் ஆகிய மூவரின் வாதங்களையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றின் குறையையும் சுட்டித் தம் வழியை முன்வைத்தார். கய்யாம் இப்னுல் ஹைதமுக்குச் செய்ததைத் தூஸி கய்யாமுக்குச் செய்தார். அலமுத்தீன் கைஸர் என்னும் கணித அறிஞர் தூஸியோடு இதே பொருள் பற்றிக் கடிதத் தொடர்பு கொண்டார். இவ்வாறு நூற்றாண்டுகளைக் கடந்து ஓர் அவை நடந்துகொண்டே இருந்தது.

அவ்வவையின் குரல் ஐரோப்பாவையும் எட்டியது. தூஸியின் பெயரால் 1594இல் ரோம் நகரில் அரபு எழுத்தில் யூக்ளிடின் நூல் அச்சாயிற்று. அது 1298இல், தூஸி மறைந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது என்பதால் அவருடையதன்று என இன்று கொள்ளப்படுகின்றது. ஆயினும் அவர் மரபில் வந்தது. அதிலுள்ள இணைகோட்டு வாதத்தை ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் வாலிஸ் எடுத்து விளக்கினார். இத்தாலியப் பாதிரியார் ஸக்கேரி 1733இல் வெளியிட்ட நூலில் அதனை ஆராய்ந்தார். ஸக்கேரி தம் ஆய்வுக்கு அடிப்படையாகக் கொண்டதும் அதே நாற்கரம். அதே மூன்று வழிகள். நெடுங்காலம் ‘ஸக்கேரியின் நாற்கரம்’ என்றே வழங்கிய அதனைக் கய்யாமின் பெயரையும் சேர்த்து வழங்குவோர் இப்போது உளர்.

பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1829இல் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியின் போல்யாயும், குறுங்கோண வழி இயலாததன்று, அதில் நடந்தால் முரண்பாடின்றி வேறொரு வடிவ கணிதமே விரிகின்றது என்று காட்டினர். 1868இல் இத்தாலியின் பெல்ட்ராமி அதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தார். ஐந்தாம் எடுகோளை மற்ற எடுகோள்களைக் கொண்டு நிறுவவே இயலாது என்பது இதனால் தெளிவாயிற்று. கய்யாம் எந்தக் கதவைத் திறந்து பார்த்து, உள்ளே வழியில்லை என்று மூடினாரோ, அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு புதிய உலகம் இருந்தது.

இதனைக் கேட்டவுடன், புதிய வடிவ கணிதத்தைக் கண்டவர் கய்யாமே என்று முழங்கும் ஆசை எழலாம். அது உண்மையன்று. அவர் அக்கதவை மூடியவர். ஆயினும், அங்கே ஒரு கதவு இருக்கின்றது என்று சுவரைத் தட்டிக் காட்டிய வரிசையில் முன்னிற்பவர். மூன்று வழிகளையும் முறையாகப் பிரித்து எழுதி வைத்ததால்தான், பின் வந்தோர் எந்த வழியில் நடக்க வேண்டும் என்னும் வினாவே பிறந்தது. சரியான விடையைத் தந்தவருக்குரிய புகழை அவருக்குச் சூட்ட வேண்டியதில்லை. சரியான வினாவை ஒழுங்குற வகுத்தவருக்குரிய புகழே அவருக்குப் போதும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்நூல் நமக்குக் கற்பிப்பது கணிதத்தை மட்டுமன்று. யூக்ளிட் முஸ்லிம் அல்லர், அரபியர் அல்லர், அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர். அவர் நூலை அந்நியனுடையது என்று அவர்கள் தள்ளவில்லை. பெரியவருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் இல்லை. எடுத்துக்கொண்டனர், படித்தனர், ஐயுற்றனர், ஐயத்தை எழுதி வைத்தனர், தம் ஐயத்தின் மீதும் பிறர் ஐயுற இடம் தந்தனர். மதிப்பும் மறுப்பும் அவர்களிடம் பகைவர்களாக இல்லாமல் உடன்பிறப்புகளாக இருந்தன.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்னோரின் பெருமையைச் சொல்லித் தருகின்றோம். சொல்லித் தரவும் வேண்டும். ஆயினும் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வித்து நிறுத்திவிட்டால், அம்முன்னோரின் வழியில் நாம் நடக்கவில்லை. அவர்களின் கல்லறைகளை எண்ணிக்கொண்டிருக்கின்றோம். பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு, இது ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை வினவும்போது, கேள்வி கேட்காமல் படி என்று நாம் அதன் வாயை அடைத்தால், கய்யாமின் பெயரைச் சொல்லும் தகுதியை அந்த நொடியிலேயே இழக்கின்றோம். அவ்வினாவுக்கு நமக்கு விடை தெரியாமல் இருக்கலாம், அதனால் இழுக்கில்லை. கய்யாமுக்கும் முழு விடை தெரிந்திருக்கவில்லை. வினாவை மதித்து, அதனோடு சிறிது தூரம் நடந்து செல்வதே அவர் விட்டுச் சென்ற மரபு.

மது மயக்கத்தில் சாய்ந்திருக்கும் கற்பனைக் கய்யாமை இனி மெல்ல விலக்கி வைப்போம். விளக்கின் அடியில் ஒரு நாற்கரத்தை வரைந்து, மேற்கோணங்கள் இரண்டையும் பார்த்தபடி, கண் சொல்லும் விடையை ஏற்க மறுத்து அமர்ந்திருக்கும் கய்யாமை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைப்போம்.